முத்திரை ஒட்டிய வெள்ளைத்தாள் போதாது

தம்பி, ஹட்டனில் கணக்காய்வு அலுவலகத்துக்கு ஒரு மேல்மாடியை 2 வருடத்துக்கு எடுக்கப் போவதாகவும், முத்திரை ஒட்டிய தாளில் கையெழுத்திட்டு 10 மாத வாடகையை முற்பணமாகத் தரும்படி உரிமையாளர் கேட்பதாகவும் எழுதியிருந்தீர்கள். பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு (ஆவணங்களை எழுதி அத்தாட்சிப்படுத்த உரிமம் பெற்றவர்) முன்னிலையில், 2 சாட்சிகளோடு கைச்சாத்திடப்பட வேண்டும். இல்லையேல் அந்த 2 வருடம் என்பது வெறும் வாய்ப்பேச்சுத்தான். எழுதியபின் காணிப் பதிவகத்தில் பதிந்தும் விடுங்கள். கட்டடம் இடையில் கைமாறினால் அது கைகொடுக்கும்.

அதற்கு முன் கட்டடத்தின் உறுதிப்பத்திரத்தைக் கேட்டு வாங்கி, உரிமை யாருடையது என்று பாருங்கள். நம் மலையக நகரங்களில் "என் கடை" என்று சொல்பவரே சில வேளை இன்னொருவரிடம் குத்தகைக்கு எடுத்தவராக இருப்பார். மறுகுத்தகைக்கு விட அவருக்கு உரிமை உண்டா என்பதை உங்கள் சட்டத்தரணியே பார்க்கட்டும், அவருடைய சட்டத்தரணி அல்ல.

இன்னொன்று, மழை. நான் பெப்ரவரி வெயிலில் பார்த்து மயங்கி ஓர் அறையை எடுத்தேன். ஜூனில் பின்சுவர் கசிந்து கோப்புகளெல்லாம் பூஞ்சணம் பிடித்தன. திருத்தும் செலவு யாருடையது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட இல்லை, நான்தான் கட்டினேன். கட்டடத்துக்குப் பின்னால் மண்மேடு இருந்தால் மழை நாளில் ஒருமுறை போய் நின்று பாருங்கள்.

மின்மானி தனியா, பொதுவா என்றும் கேளுங்கள். முற்பணம் எத்தனை நாளில் திரும்பும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். 10 மாதம் அதிகம், பேரம் பேசலாம்.