திருகோணமலையில் ஆற்றங்கரைப் பூங்கா மாதிரி ஓர் இடம் உண்டா?

கேட்டவர் கண்டிக்காரர். பேராதனைப் பூங்காவில் ஆற்றோரமாகப் பாயை விரித்து, சோற்றுப் பார்சலைப் பிரித்து, பிள்ளைகளை ஓடவிட்டுப் பழகிய குடும்பம். இரண்டு நாள் பயணமாக எங்கள் ஊருக்கு வருகிறார்கள். அதே மாதிரி ஆற்றங்கரையில் இருந்து பொழுதுபோக்க நகரத்துக்குள் எங்கே போகலாம் என்பது கேள்வி. கூட வருவது முழங்கால் வலியுள்ள அம்மாவும் இரண்டு சின்னப் பிள்ளைகளும்.

ஏமாற்றத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நகரத்துக்குள் ஆறு இல்லை. ஆனால் தண்ணீருக்குக் குறைவும் இல்லை. வரைபடத்தை எடுத்துப் பாருங்கள்: கிழக்கே டச்சுக்குடா, மேற்கே உள்துறைமுகம், இரண்டுக்கும் நடுவில் கழுத்து மாதிரி ஒடுங்கிய நிலத்தில் கடைத்தெருவும் பாடசாலைகளும் கந்தோர்களும். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஆட்டோவில் சில நிமிடம்தான். வெளியூர்க்காரர் பெரும்பாலும் கிழக்குக் கரையில் ஒரு படம் எடுத்துக்கொண்டு நிலாவெளிக் கடற்கரைக்கு ஓடிவிடுகிறார்கள். மேற்குக் கரை ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது.

நீங்கள் கேட்ட பாய், சோறு, பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் பொருத்தம் டச்சுக்குடாக் கடற்கரை. பின்னேரம் நாலரைக்குப் பிறகு போங்கள். வெயில் அப்போது முதுகுப் பக்கம், ஊருக்கு மேலே இறங்கிவிடும், முகத்தில் அடிக்காது. அதற்கு முன்னால் போனால் மணல் காலைச் சுடும், பிள்ளைகள் அழும், நீங்கள் என்னைத் திட்டுவீர்கள். ஊர்ச்சனமும் அந்த நேரத்துக்குத்தான் இறங்கும். பட்டம், பந்து, இறால் வடை, உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய மாங்காய்க் கீறு, பைக்கற்றில் கச்சான். அம்மாவுக்கு மணலில் நடப்பது சிரமம் என்றால் வீதி ஓரத்திலேயே இருந்துவிடலாம். பிள்ளைகள் கண்பார்வையில்தான் விளையாடுவார்கள்.

கச்சான் என்றதும் ஒன்று சொல்லவேண்டும். எங்களுக்கு இரண்டு கச்சான் உண்டு. ஒன்று கொறிக்கும் நிலக்கடலை. மற்றது அடிப்பது. மே மாதத்துக்குப் பிறகு தென்மேற்கிலிருந்து வரும் காய்ந்த காற்றைத்தான் கச்சான் என்போம். அந்த மாதங்களில் கிழக்குக் கடல் குளம் மாதிரிக் கிடக்கும். அதைப் பார்த்துத்தான் மயங்கக்கூடாது. காற்று கரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் என் மகன் காற்றடித்த பெரிய பந்து ஒன்றை முழங்கால் தண்ணீரில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தான். கை நழுவியது. நான் நாலு எட்டு வைத்தேன். பந்து பத்து எட்டு போய்விட்டது. அலையே இல்லை, சத்தமே இல்லை, மஞ்சள் நிறமாகத் தண்ணீரின்மேல் வழுக்கிக்கொண்டு போகிறது. மகன் பின்னால் போகப் பார்த்தான், சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டேன். அருகில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு ஐயா தலையை நிமிர்த்தாமலே, "விடுங்கோ தம்பி, அது இனி வராது" என்றார். பந்துக்கு 600 ரூபா. அந்த இடத்தில் பந்துக்குப் பதிலாக மிதவை டியூப்பும் அதற்குள் ஒரு பிள்ளையும் இருந்திருந்தால் என்று நினைத்து அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. ஆகவே கச்சான் காலத்தில் டியூப், காற்று மெத்தை எதுவும் வேண்டாம். நவம்பர் முதல் ஜனவரி வரை நிலைமை தலைகீழ்: வாடைக்காற்றும் மழையும், அலை கரைக்கு வந்து மோதும். அப்போது காலை நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அப்புறம் மேற்குக் கரை. உள்துறைமுக வீதியில் மணல் இல்லை, குளிக்கவும் முடியாது. தண்ணீரை ஒட்டிய நடை மட்டும்தான். ஆனால் ஆற்றங்கரை என்று நீங்கள் தேடும் அமைதி இங்கேதான் அதிகம் என்பது என் எண்ணம். மூன்று பக்கமும் நிலம் சூழ்ந்த துறைமுகம் என்பதால் தண்ணீர் அசையாமல் கிடக்கும். அக்கரையில் சீனக்குடா, அங்கே பிறீமா மா ஆலையின் உயரமான கட்டடங்கள், பின்னால் காட்டு மேடுகள். சூரியன் அந்தப் பக்கம்தான் விழும். டச்சுக்குடாவில் ஐந்தே முக்கால் வரை இருந்துவிட்டு, ஆட்டோ பிடித்து இங்கே வந்தால் ஒரே பின்னேரத்தில் இரண்டு கரையும் பார்த்துவிடலாம். விடிய வெள்ளென நடப்பவர்களுக்கும் இதுதான் நல்லது. தூண்டில் போடுபவர்கள் வரிசையாக நிற்பார்கள். பேச்சுக் கொடுத்தால் கதைப்பார்கள், மீன் எங்கே படுகிறது என்பதை மட்டும் சொல்லமாட்டார்கள்.

கோட்டைக்குள்ளும் போகத்தானே போகிறீர்கள். பிரெட்றிக் கோட்டை போர்த்துக்கேயர் 1620களில் தொடங்கியது. ஒல்லாந்தர் பிடித்துத் திருத்திக் கட்டினார்கள், 1795இல் ஆங்கிலேயரிடம் போனது. இன்றைக்கும் உள்ளே இராணுவம் இருக்கிறது. வழி தெரியாமல் பக்க ஒழுங்கைகளுக்குள் நுழையாமல் நேர் வீதியில் போனால் ஒரு பிரச்சினையும் இல்லை. மரநிழல் தாராளம். பூங்கா என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் இந்த வீதியைத்தான் காட்டுவேன், காரணம் மான்கள். புள்ளிமான்கள் மதிலோரம், கடையோரம், சிலவேளை பஸ் நிலையப் பக்கம்கூட வந்து நிற்கும். பிள்ளைகளுக்கு இதைவிட வேறு ஒன்றும் வேண்டாம்.

ஒரு வேண்டுகோள்: அவற்றுக்குத் தீன் கொடுக்காதீர்கள். ஒருமுறை என் கண் முன்னாலேயே ஒரு மான் இடியப்பப் பார்சலை அதைச் சுற்றிய லஞ்ச் சீற் என்ற பொலித்தீன் தாளோடு சேர்த்து மென்றுகொண்டிருந்தது. சீற்றின் ஒரு முனையை நான் பிடித்து இழுக்க, அது மறுமுனையை விடாமல் என்னையே பார்க்கிறது. வாயோரத்தில் சம்பல் சிவப்பாக ஒட்டியிருந்தது. கடைசியில் பாதி எனக்கு, பாதி அதற்கு. ஊருக்குள் மேய்ச்சல் குறைந்துபோனதால் குப்பையைத்தான் நம்பி வாழ்கின்றன. பொலித்தீன் வயிற்றில் சிக்கிச் சாகின்றன. நீங்கள் சாப்பாடு சுற்றி வந்த தாளைக் கையோடு கொண்டுபோனால் அதுவே பெரிய உதவி.

கோட்டையின் கடைசியில் கோணேசர் கோயில், அதையொட்டி இராவணன் வெட்டு என்ற மலைப் பிளவு. வாகனம் கோயிலடி வரை போகும், மிச்சத் துண்டு ஏற்றம். அம்மாவை ஆறுதலாகக் கூட்டிப்போங்கள். செருப்பைக் கழற்றவேண்டியிருக்கும், மத்தியானத்தில் கல் கொதிக்கும். ஆகவே காலைப் பூசை நேரமே நல்லது. மார்ச், ஏப்ரலில் வந்தால் மலை விளிம்பில் நின்று கடலைக் கொஞ்ச நேரம் பாருங்கள். திமிங்கிலம் மூச்சு விடுவது வெள்ளைப் புகை மாதிரித் தெரியும். எல்லா நாளும் கிடைக்காது.

சரி, இல்லை, எனக்கு ஆறுதான் வேண்டும் என்றால் இரண்டாம் நாள் மூதூர்ப் பக்கம் போங்கள். பேராதனைப் பூங்காவைச் சுற்றி வளைந்து ஓடுகிறதே உங்கள் மகாவலி, அது 335 கிலோமீற்றர் ஓடிக் கடலில் விழுவது எங்கள் கொட்டியாரக் குடாவில்தான். சீனக்குடா தாண்டினால் கிண்ணியாப் பாலம், 396 மீற்றர். 2009இல் அது திறக்கும்வரை 'பாதை'யில்தான் கடந்தோம். பாதை என்றால் எங்களுக்கு ரோட்டு இல்லை, வாகனத்தையும் ஆளையும் ஏற்றிக் கடக்கும் மிதவை. 2011இல் அடுத்த பாலங்களும் வந்தபிறகு மூதூர் வரை சக்கரம் நிற்காமல் போகலாம். வழியில் மகாவலிக்கு மேலே போகும் கங்கைப் பாலத்தில் நிறுத்துங்கள். கண்டியில் பாறையில் அடித்துக்கொண்டு போகும் அதே ஆறா இது என்று கேட்பீர்கள். அகலமாக, மண் நிறமாக, அவசரமே இல்லாமல், இரண்டு பக்கமும் நாணலும் வயலுமாகப் போகும். இருக்கை, வேலி, ஊஞ்சல் ஒன்றும் கிடையாது. குளிக்கவும் இறங்கவேண்டாம், முதலை உண்டு. பாலத்தடியில் நிழல் பார்த்து அரை மணித்தியாலம் இருந்துவிட்டு, திரும்பும்போது கிண்ணியாவில் ஒரு சட்டித் தயிர் வாங்குங்கள். சட்டியை வாகனத்தில் மடியில்தான் வைக்கவேண்டும். பின் இருக்கையில் விட்ட எங்கள் சட்டி சீனக்குடா வளைவோடு கவிழ்ந்துவிட்டது, அந்த மணம் போக ஒரு மாதம் எடுத்தது.