கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கும் தம்பிக்கு விடுதி, சாப்பாட்டுச் செலவுக்கு உதவி எங்கே கிடைக்கும்?

தமிழ்நாடு என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். எல்லாரும் முதலில் அறக்கட்டளைகளைத்தான் தேடுவார்கள். அகரம் போன்றவை பெரும்பாலும் பிளஸ் டூ முடிக்கும் சமயத்திலேயே மாணவர்களைத் தேர்ந்தெடுத்துவிடுகின்றன. படிப்பின் நடுவில் அரசு வழிதான் கைகொடுக்கும்.

முதலில் விடுதி. பிற்பட்டோர் நலத்துறை, ஆதிதிராவிடர் நலத்துறை விடுதிகளில் தங்கவும் சாப்பிடவும் காசு இல்லை. வார்டனை நேரில் பாருங்கள். கல்வியாண்டின் நடுவிலும் காலியிடம் இருக்கலாம், கேட்டால்தான் தெரியும்.

அடுத்து, தம்பி ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவரா? அப்படியானால் 2024-ல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. மாணவிகளுக்கு அதுவே புதுமைப் பெண். விண்ணப்பம் கல்லூரி வழியாகத்தான் போகும். பலருக்குப் பணம் நிற்பது வங்கியில்: கணக்கோடு ஆதாரை இணைத்தால் மட்டும் போதாது, ‘ஆதார் சீடிங்’ ஆகியிருக்க வேண்டும், அதாவது அரசு உதவிப் பணம் இந்தக் கணக்குக்கே வரும்படி ஆதார் எண்ணோடு பதிவாகியிருக்க வேண்டும். பாஸ்புக்கை எடுத்துப் போய் இந்த வார்த்தையைச் சொல்லியே கேளுங்கள்.

வருமானச் சான்றிதழை இ-சேவை மையத்தில் இப்போதே எடுத்து வையுங்கள். உதவித்தொகை, விடுதி எல்லாவற்றுக்கும் கேட்பார்கள்.

எதுவும் நகரவில்லையா? திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மக்கள் குறைதீர்க்கும் நாள். கட்டண ரசீது, மார்க் ஷீட் நகல்களோடு மனு கொடுங்கள். என்னைக் கேட்டால், பத்து அறக்கட்டளைக்கு மெயில் அனுப்புவதைவிட இது மேல்.

அதுவரை சாப்பாட்டுக்கு, பக்கத்தில் அம்மா உணவகம் இருந்தால் இட்லி ஒரு ரூபாய். மனசு ரொம்பச் சோர்ந்தால் 14416 என்ற மனநல உதவி எண்ணை அழைக்கலாம், இலவசம்தான், தமிழிலேயே பேசுவார்கள்.