கணக்கீட்டுச் சமூக அறிவியல்: எந்த நூலில் தொடங்குவது?

கணினியையும் பெரிய அளவுத் தரவுகளையும் கொண்டு சமூகத்தை ஆராயும் இத்துறையை எந்த நூலில் தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள்; கிளாடியோ சியோஃபி-ரெவில்லாவின் அறிமுக நூலைப் பாதியில் நிறுத்திவிட்டதாகவும் சொன்னீர்கள். நிரலாக்கம் அறியாத சமூகவியல் பட்டதாரியான உங்களுக்கு ஏற்ற முதல் நூல், சமூகவியலாளர் மேத்யூ சல்கானிக்கின் ‘பிட் பை பிட்’ (2018). இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். ருவாண்டாவில் 15 லட்சம் பேரின் கைப்பேசி அழைப்புப் பதிவுகளையும், ஏறத்தாழ 1,000 பேரிடம் நடத்திய கருத்தாய்வையும் இணைத்து, நாட்டின் செல்வப் பரவலைக் கணித்த ஆய்வோடு அது தொடங்குகிறது. நிரலுக்கு முன்னால் கேள்வியே முக்கியம் என்பது அங்கேயே விளங்கிவிடும்.

சியோஃபி-ரெவில்லாவின் நூலில் நீங்கள் பாதியில் நின்றதற்கு, வலையமைப்புப் பகுப்பாய்வு (யார் யாரோடு தொடர்பு கொண்டுள்ளனர் என்று ஆராய்வது), கணினி உருவகப்படுத்தல் (சமூக நிகழ்வுகளைக் கணினியில் மாதிரியாக இயக்கிப் பார்ப்பது) போன்றவற்றை அது முறைப்படியான கணக்கீட்டு நோக்கில் விளக்குவதே காரணமாக இருக்கலாம். நல்ல நூல்தான், இரண்டாவதாகப் படியுங்கள்.

சல்கானிக் உங்களுக்குப் பொருந்துவாரா என்று அறிய, பெருந்தரவின் (கைப்பேசி, இணையம், அரசுப் பதிவேடு போன்றவற்றில் சேரும் பெரிய அளவுத் தரவின்) பத்து இயல்புகளைப் பேசும் இரண்டாம் அத்தியாயத்தை மட்டும் முதலில் படித்து, சிங்கப்பூர் அரசாங்கத்தின் திறந்த தரவுத் தளத்திலுள்ள வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளின் மறுவிற்பனை விலைப் பட்டியலுக்கு அவற்றுள் எவை பொருந்துகின்றன என்று எழுதிப் பாருங்கள். வட்டாரம், மாடி, பரப்பளவு, விலை எல்லாம் அதில் உண்டு. வாங்கியவர் யார், அந்தப் பேட்டையை ஏன் தேர்ந்தார் என்பது இல்லை. அந்த இடைவெளி உங்களை உறுத்தினால், இத்துறை உங்களுக்கானதுதான்.

ஒன்றை மனத்தில் வையுங்கள்: சல்கானிக்கின் நூல் நிரல் எழுதக் கற்றுத்தராது. மேலும், 2023இல் டுவிட்டர் இலவசத் தரவு அணுகலை நிறுத்தியதுபோல நிலைமை மாறியிருப்பதால், தரவு திரட்டும் வழிகளை இன்றைய விதிகளோடு ஒப்பிட்ட பிறகே பின்பற்றுங்கள்.