நாலே நாளில் ஏற்றுக்கொண்ட ஜர்னலிடமிருந்து கட்டுரையை எப்படி மீட்பது?

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். நர்ஸ் வேலை பார்த்துக்கொண்டே மாஸ்டர்ஸ் முடித்தவர். சர்க்கரை நோய் உள்ள வயதான தமிழ்ப் பெண்கள் வீட்டில் என்ன சமைக்கிறார்கள், எதை விட முடியாமல் தவிக்கிறார்கள் என்று 22 பேரிடம் உட்கார்ந்து பேசி ஆய்வேடு எழுதியிருக்கிறார். அதிலிருந்து ஒரு கட்டுரையை எடுத்து, தெரிந்தவர் காட்டிவிட்ட ஒரு ஏஜென்ட் மூலமாக வெளிநாட்டு ஆராய்ச்சி ஜர்னல் ஒன்றுக்கு அனுப்பினார். நாலே நாளில் ஏற்றுக்கொண்டதாகப் பதில் வந்தது, கூடவே 650 டாலருக்கு பில். சந்தேகப்பட்டு நிறுத்திக்கொண்டார். இப்போது, வாபஸ் வாங்க வேண்டுமானால் 300 டாலர் கட்டு, இல்லாவிட்டால் உன் பல்கலைக்கழகத்துக்கு எழுதுவோம் என்று மிரட்டுகிறார்களாம். அவர் கேட்பது இதுதான்: "ஐயா, பணம் கட்டாமல் வேறு ஜர்னலுக்கு அனுப்பினால் ஒரே கட்டுரையை இரண்டு இடத்துக்கு அனுப்பிய குற்றம் என் மேல் வருமா?"

வராது அம்மா. ஆனால் இன்னொரு இடத்துக்கு அனுப்புவதற்கு முன்னால் வாபஸ் வாங்குவதாக எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். பணம் கட்ட வேண்டாம். 300 டாலரும் வேண்டாம், 30 டாலரும் வேண்டாம்.

ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் இரண்டு இடத்துக்கு அனுப்பக் கூடாது என்ற விதி ஏன் இருக்கிறது என்று தெரிந்தால் உங்கள் பயம் பாதி குறையும். ஒரு கட்டுரை வந்ததும் எடிட்டர் அதை அந்தத் துறை தெரிந்த இரண்டு மூன்று பேருக்கு அனுப்புகிறார். அவர்கள் சம்பளம் வாங்காமல், தங்கள் வேலைக்கு நடுவில், சனி ஞாயிறில் உட்கார்ந்து வரி வரியாகப் படித்துக் குறிப்பு எழுதுகிறார்கள். நானும் வருஷக்கணக்காக இந்த வேலை பார்த்தவன், ஒரு கட்டுரைக்கு இரண்டு முழு நாள் போகும். ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் இரண்டு ஜர்னலுக்கு அனுப்பினால் ஒரு கூட்டத்தின் உழைப்பு வீண், இரண்டிலும் வெளிவந்துவிட்டால் ஒரே ஆய்வு இரண்டாக எண்ணப்பட்டுப் படிக்கிறவனை ஏமாற்றும். அதைத் தடுக்கத்தான் விதி. உங்கள் கட்டுரையை அங்கே யார் படித்தார்கள்? நாலு நாளில், ஒரு கேள்விகூட இல்லாமல், "இலக்கணத்தைச் சரிபார்க்கவும்" என்று ஒரே வரியில் வந்ததை ரிவியூ என்றே சொல்ல முடியாது. உண்மையான ரிவியூவுக்கு வாரங்கள் ஆகும், பல இடங்களில் மாதங்கள் ஆகும்.

வாபஸ் வாங்கக் கட்டணம் கேட்பது இந்த ஆட்களின் பழைய வித்தை. ஹைதராபாத்தைச் சேர்ந்த ஓமிக்ஸ் என்ற ஜர்னல் பதிப்பு நிறுவனத்தின் மேல் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 2016-இல் வழக்குப் போட்டபோது வைத்த குற்றச்சாட்டுகளில் இதைப் போன்ற ஒன்றும் இருந்தது: கட்டணத்தை முதலில் சொல்லாமல் மறைக்கிறார்கள், பிறகு கட்டுரையைத் திரும்பக் கேட்டால் விடமாட்டேன் என்கிறார்கள், அதனால் எழுதியவர் வேறு எங்கும் போட முடியாமல் மாட்டிக்கொள்கிறார். 2019 மார்ச்சில் நீதிமன்றம் 5 கோடி டாலருக்கும் மேல் கட்டச் சொல்லித் தீர்ப்புச் சொன்னது. நீங்கள் இப்போது படும் பயம் அவர்கள் திட்டம் போட்டு உண்டாக்குவது.

பல்கலைக்கழகத்துக்கு எழுதுவோம் என்கிறார்கள் அல்லவா? அவர்களுக்கு முன்னால் நீங்களே சொல்லிவிடுங்கள். இன்றைக்கே உங்கள் ஆய்வுக்கு வழிகாட்டிய சூப்பர்வைசரிடம் போய் நடந்ததை அப்படியே சொல்லுங்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை, பேராசிரியர்களே இதில் விழுந்திருக்கிறார்கள். அப்புறம் நூலகத்தில் ஆராய்ச்சிக்கென்று இருக்கும் நூலகரைப் பாருங்கள். மிரட்டல் கடிதம் வந்து சேரும்போது அவர்களுக்கு ஏற்கெனவே விஷயம் தெரிந்திருந்தால் அந்தக் கடிதத்துக்கு மதிப்பே கிடையாது. கட்டுரையில் சூப்பர்வைசர் பெயரும் இருந்தால், அவர் சம்மதம் இல்லாமல் எங்கும் அனுப்பியிருக்கவே கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன், கோபிக்காதீர்கள்.

காப்புரிமை எங்களுக்கு வந்துவிட்டது என்றும் பயமுறுத்துவார்கள். தென்னாப்பிரிக்காவின் 1978-ஆம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டப்படி, எழுத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் உரிமை கைமாறும். நீங்கள் எதிலும் கையெழுத்துப் போடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அவர்கள் கையில் ஒன்றும் இல்லை.

வாபஸ் வாங்கும் ஈமெயிலைச் சுருக்கமாக எழுதுங்கள். கட்டுரைத் தலைப்பு, அனுப்பிய தேதி, "இக்கட்டுரையை இன்று முதல் வாபஸ் பெறுகிறேன், உரிமை எதையும் தங்களுக்கு மாற்றித் தரவில்லை, வெளியிட அனுமதி இல்லை" என்ற வரி, அவ்வளவுதான். ஏன் எதற்கு என்று விளக்கம் எழுதவே கூடாது. எழுதினால் பேரம் பேச ஆரம்பிப்பார்கள். சூப்பர்வைசருக்கு ஒரு பிரதி போகட்டும். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து அதையே மறுபடி அனுப்புங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் காத்திருக்க வேண்டாம், புதிய ஜர்னலுக்கு அனுப்புங்கள். அந்த எடிட்டருக்கு எழுதும் கடிதத்தில் நடந்ததை நாலு வரியில் சொல்லி ஈமெயில்களையும் இணைத்துவிடுங்கள். மறைத்தால்தான் தப்பு. அந்த ஆட்கள் வம்புக்கென்றே உங்கள் கட்டுரையைப் போட்டுவிட்டாலும், முதலிலேயே சொல்லிவைத்த எடிட்டர் உங்கள் பக்கம் நிற்க வழி இருக்கிறது.

இனி அந்த ஏஜென்ட் சொன்ன ஒரு பொய். உங்கள் ஆய்வேடு பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்தில் ஏறிவிட்டது, அதனால் நல்ல ஜர்னல் எதுவும் எடுக்காது, எங்கள் ஆட்கள் மட்டும்தான் எடுப்பார்கள் என்றாராம். இதைக் கேட்டுத்தான் பலர் விழுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பட்டத்துக்காக எழுதிய ஆய்வேடு களஞ்சியத்தில் இருப்பதைப் பெரும்பாலான ஜர்னல்கள் முன்பே வெளிவந்ததாகக் கருதுவதில்லை. ஆய்வேட்டிலிருந்து கட்டுரை எழுதுவது உலகம் முழுக்க நடப்பதுதான், முன்பே வெளிவந்ததை எடுக்கக் கூடாது என்ற விதியிலிருந்து அதற்கு விலக்கு உண்டு. ஆனால் அந்த விலக்கு சொல்லிவிட்டுச் செய்கிறவருக்குத்தான். கட்டுரை வந்ததும் ஜர்னல் அலுவலகத்தில் அதை ஒப்பிட்டுப் பார்க்கும் மென்பொருளில் போடுவார்கள், அது உங்கள் ஆய்வேட்டையே பிடித்து, பாதிக் கட்டுரை வேறு இடத்திலிருந்து எடுத்தது என்று சிவப்பாகக் காட்டும். விஷயம் தெரியாத எடிட்டர் அந்த எண்ணைப் பார்த்ததும் திருப்பி அனுப்பிவிடுவார். ஆகவே கடிதத்தில் ஒரு வரி, கட்டுரைக்குள்ளேயும் ஒரு வரி, "இது இன்ன வருஷம் இன்ன பல்கலைக்கழகத்தில் கொடுத்த ஆய்வேட்டிலிருந்து எழுதப்பட்டது" என்று இருக்கட்டும். ஆய்வேட்டைக் கத்தரித்து ஒட்டாமல் கட்டுரையாக மறுபடி எழுதுங்கள். 150 பக்கத்தை 15 பக்கமாக்கும்போது எப்படியும் அதைச் செய்துதான் ஆக வேண்டும். அந்த ஜர்னலின் விதிமுறைப் பக்கத்தில் ஆய்வேட்டைப் பற்றி ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள், இல்லாவிட்டால் எடிட்டருக்கே எழுதிக் கேட்கலாம், பதில் சொல்வார்கள்.

கட்டுரையில் இன்னும் இரண்டு பேரை ஆசிரியர்களாகச் சேர்த்தால் கட்டணம் பாதியாகும் என்றும் ஏஜென்ட் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். நல்ல வேளை, சேர்க்கவில்லை. ஆய்வில் உண்மையாக உழைத்து, எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கெடுத்து, கடைசி வடிவத்துக்குச் சம்மதம் சொல்லி, அதற்குப் பொறுப்பும் ஏற்கிறவர்தான் ஆசிரியர். முன்பின் தெரியாதவர் பெயரை விலைக்கு ஏற்றினால், உங்களை நம்பிப் பேசிய அந்த 22 பெண்களின் வார்த்தைக்கு எவனோ ஒருவன் சொந்தம் கொண்டாடுவான். எனக்கு இதில்தான் மிகவும் கோபம் வருகிறது.

இந்த ஏஜென்டுகள் எங்கிருந்து முளைக்கிறார்கள்? நம் நாட்டு உயர்கல்வித் துறை, தன் பட்டியலில் உள்ள ஜர்னலில் வரும் ஒவ்வொரு கட்டுரைக்கும் பல்கலைக்கழகத்துக்கு மானியம் தருகிறது. தலைக்கு இத்தனை கட்டுரை என்று கணக்குப் போட ஆரம்பித்ததும் எண்ணிக்கைக்குத்தான் மரியாதை. ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்தின் மௌட்டன், வாலன்டைன் என்ற இருவர் மானியக் கணக்கில் வந்த கட்டுரைகளை அலசி 2017-இல் எழுதினார்கள்: 2005 முதல் 2014 வரை 4,246 தென்னாப்பிரிக்கக் கட்டுரைகள் சந்தேகத்துக்குரிய 48 ஜர்னல்களில் வந்திருக்கின்றன. அதில் பல அப்போது அங்கீகரித்த பட்டியலிலேயே இருந்தவை. சின்னப் பிள்ளைகள் விழுந்தால் கண்டிக்கிறார்கள், எண்ணிக்கை கேட்டுக் கழுத்தை நெரித்தவர்களை யாரும் கேட்பதில்லை.

ஆகவே பட்டியலில் இருக்கிறது என்பதை மட்டும் நம்ப வேண்டாம். இந்த வருஷத்துப் பட்டியலா என்று பாருங்கள். நல்ல ஜர்னலின் பெயரையும், ஜர்னல்களுக்குத் தரப்படும் அடையாள எண்ணான ஐஎஸ்எஸ்என் எண்ணையும் திருடிப் போலி வலைத்தளம் போடுகிறவர்களும் இருக்கிறார்கள், அதனால் வாட்ஸ்அப்பில் வந்த லிங்க்கைத் தொடாமல் நூலகரிடம் கேட்டுப் போங்கள். ஐஎஸ்எஸ்என் எண் தரத்துக்குச் சான்று இல்லை, விண்ணப்பித்தால் கிடைப்பது. ஆராய்ச்சிக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகிள் ஸ்காலரில் தெரிவதும் தரத்துக்குச் சான்று இல்லை. கட்டணம் கேட்பதெல்லாம் மோசடி என்றும் நினைக்காதீர்கள், நல்ல ஜர்னல்களும் கேட்கின்றன, ஆனால் எவ்வளவு என்று முன்பே எழுதிப் போட்டிருப்பார்கள். சில பதிப்பகங்களோடு நம் பல்கலைக்கழக நூலகங்களுக்கு ஒப்பந்தம் இருக்கிறது, உங்களுக்குக் கட்டணம் விழாமலே போகலாம், அதையும் கேளுங்கள்.

உங்கள் கட்டுரைக்கு நம் நாட்டு நர்சிங் ஜர்னலான கியூரேஷனிஸை முதலில் பாருங்கள். சாட்ஸ்வொர்த் சமையலறை என்றால் என்ன என்று புரிந்து படிக்கக்கூடிய ரிவியூவர் அங்கே கிடைக்க வாய்ப்பு அதிகம். ஏஜென்ட் நம்பரை பிளாக் செய்துவிடுங்கள். மெசேஜ்களை மட்டும் அழிக்காதீர்கள், ஸ்கிரீன்ஷாட் எடுத்து சூப்பர்வைசருக்கும் ஒரு பிரதி அனுப்பி வையுங்கள்.