மனக்கோயிலில் ஒரு கிணறு

கேள்வி: எனக்கு வயது 34. அப்பா பகுத்தறிவாளர், நானும் கடவுள் நம்பிக்கை இல்லாமல் வளர்ந்தவன். நண்பரின் ஊர்க் கோயிலில் ஓதுவார் ஒருவர் ‘கூற்றாயினவாறு’ பதிகத்தைப் பாடியபோது, யாரோ என்னைக் கவனிப்பதுபோல் உணர்ந்து அசையாமல் நின்றுவிட்டேன். அது வெறும் கற்பனைதானா? என்னையே நான் ஏமாற்றிக்கொள்கிறேனா? அப்பாவிடம் சொல்லவும் தயக்கமாக இருக்கிறது.
– வாசகர், திருச்சி

பதில்: கற்பனைக்கு முன்னால் ‘வெறும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லை நாயன்மார்களில் ஒருவரான திருநின்றவூர்ப் பூசலார் ஏற்றிருக்க மாட்டார். பொருள் கிடைக்காமல் மனத்திலேயே கோயில் கட்டியவர் அவர் என்பதும், காஞ்சியில் பல்லவ மன்னன் எழுப்பிய கற்கோயிலின் குடமுழுக்கை அவருக்காகத் தள்ளிவைக்குமாறு சிவன் கனவில் சொன்னார் என்பதும் பலரும் அறிந்த கதை. ஆனால் 12ஆம் நூற்றாண்டில் பெரியபுராணம் பாடிய சேக்கிழார், அந்த மனக் கட்டுமானத்தை எவ்வளவு நிதானமாகச் சொல்கிறார் என்று பாருங்கள். பூசலார் தச்சர்களை மனத்தால் தேடுகிறார், நல்ல நாள் பார்த்து அடிநிலை இடுகிறார், இரவிலும் கண்துஞ்சாமல் உபானம் என்னும் அடித்தள வரிசை முதல் சிகரம் வரை முழக்கணக்குப் பிசகாமல் எழுப்பி, சுதை பூசி, மதில் சுற்றி, குளமும் கிணறும் தோண்டுகிறார். கனவில் சிவன் வருவதைவிட எனக்குப் பிடித்தது அந்தக் கிணறுதான். பகற்கனவு காண்பவர் நேரே கோபுரத்துக்குப் போய்விடுவார். இறைவனை நீராட்டும் திருமஞ்சனத்துக்குத் தண்ணீர் வேண்டுமே என்று எண்ணுகிறவருடைய கவனம் தம்மைவிட்டு வேறொன்றின் தேவைக்குச் சென்றுவிட்டது.

நான் வைத்திருக்கும் அளவுகோலும் இதுதான். தன்னை ஏமாற்றிக்கொள்ளும் மனம் தன்னைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும். அதனிடம் விவரம் கேட்டால் நழுவும். உங்களுக்கு நேர்ந்தது எந்த வகை என்பதை ஒரு மாலை நேரத்து அனுபவத்தைக் கொண்டு முடிவு செய்ய இயலாது. ஆகவே அதற்கு இப்போதே பக்தி என்றோ பிரமை என்றோ பெயரிடாமல், அந்தப் பதிகத்தின் பத்துப் பாடல்களையும் உரையோடு படியுங்கள். அதற்குரிய கொல்லி என்னும் பழந்தமிழ்ப் பண் இன்று நவரோஜ் ராகத்தில் பாடப்படுகிறது. கைபேசியை அணைத்துவிட்டு, முழுப் பதிகத்தையும் மறுபடி ஓர் ஓதுவாரிடம் நேரில் கேளுங்கள். சமணத்திலிருந்து சைவத்துக்குத் திரும்பிய அப்பர், சூலை நோய் தாங்காமல் திருவதிகையில் பாடியது அது. குடலை முறுக்கும் அந்த வலி பாட்டுக்குள் அப்படியே இருக்கிறது. அதை உணர நம்பிக்கை ஒரு நிபந்தனை அல்ல.

அப்பாவிடம் உங்கள் அனுபவத்தை விளக்கத் தொடங்கினால் அது வாதமாகிவிடக்கூடும். முதலில் பதிகத்தைப் படித்துக் காட்டுங்கள், தமிழுக்காகவாவது கேட்பார்.