தைராய்டு சுரப்பியை அகற்றிய பிறகும் ரத்தத்தில் டி3 இருப்பது எப்படி?

கேள்வி: எனக்கு வயது 43, ஊர் காவேரிப்பட்டணம். கழுத்துக் கழலைக்காக மூன்று ஆண்டுகளுக்கு முன்பு தைராய்டு சுரப்பியை முழுவதும் அகற்றிவிட்டார்கள், புற்றுநோய் இல்லை. தினமும் 100 மைக்ரோகிராம் தைராக்ஸின் மாத்திரை மட்டும் சாப்பிடுகிறேன். அதில் டி4 மட்டுமே இருக்கிறது என்று மருந்துக் கடையில் சொன்னார்கள். ஆனால் பரிசோதனையில் டி3 இயல்பாக இருக்கிறது. சுரப்பி வேறெங்காவது வளர்கிறதா? சென்ற ஆண்டு டெங்குவுக்காக மருத்துவமனையில் இருந்தபோது மட்டும் டி3 குறைந்திருந்தது. டி3 மாத்திரையும் சேர்க்க வேண்டுமா?

பதில்: சுரப்பி எங்கும் வளரவில்லை, அம்மா. உங்கள் ரத்தத்தில் காணப்படும் டி3 முழுவதும் நீங்கள் விழுங்கும் மாத்திரையிலிருந்து உங்கள் உடலே உண்டாக்கிக்கொண்டது.

டி4 என்பது நான்கு அயோடின் அணுக்களைக் கொண்ட ஹார்மோன். அதிலிருந்து குறிப்பிட்ட ஓர் அணுவை நீக்கினால் அது டி3 ஆகிறது. செல்களுக்குள் சென்று வேலை செய்வது பெரும்பாலும் இந்த டி3தான். டி4 ஏறக்குறைய ஒரு சேமிப்பு. அயோடினை நீக்கும் நொதிகள் கல்லீரல், சிறுநீரகம், தசை, மூளை, மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி ஆகியவற்றில் இருக்கின்றன. சுரப்பி நலமாக உள்ளவர்களுக்கும் அன்றாட டி3யில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே சுரப்பியிலிருந்து நேரடியாக வருகிறது. மீதமுள்ள நான்கு பங்கு சுரப்பிக்கு வெளியேதான் உருவாகிறது. உங்களுக்கு எழுந்த இதே ஐயத்துக்கு 1970இல் பிரேவர்மேன், இங்பார், ஸ்டெர்லிங் ஆகிய மூவர் விடை கண்டார்கள்: தைராய்டு இல்லாதவர்களுக்கு டி4 மட்டும் கொடுத்தபோதும் அவர்கள் ரத்தத்தில் டி3 இருந்தது.

தைராய்டு திசு வேறிடத்தில் இருப்பது மருத்துவத்தில் இல்லாத ஒன்றல்ல. நாக்கின் வேர்ப்பகுதியில் தங்கிவிடுவதுண்டு, மிக அரிதாகச் சினைப்பைக் கட்டியிலும் உருவாவதுண்டு. ஆனால் அத்தகைய திசு ஹார்மோனை மிகுதியாகச் சுரந்தால், தைராய்டைத் தூண்டப் பிட்யூட்டரி சுரக்கும் டி.எஸ்.எச். ஹார்மோன் மிகவும் தாழ்ந்துவிடும், மாத்திரையின் தேவையும் குறையும். முழு அறுவைக்குப் பிறகு ஒரு கிலோ எடைக்கு ஏறத்தாழ 1.6 மைக்ரோகிராம் தேவைப்படும் என்பது வழக்கமான கணக்கு; உங்கள் எடை அறுபது கிலோவை ஒட்டியிருக்குமானால் 100 மைக்ரோகிராம் அதற்குப் பொருந்துகிறது. இதைச் சோதித்துப் பார்ப்பதற்காக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

டெங்குவின்போது டி3 குறைந்ததற்கும் சுரப்பி இல்லாததற்கும் தொடர்பில்லை. கடும் நோயிலும் பட்டினியிலும் உடல் டி4ஐ டி3 ஆக மாற்றுவதைக் குறைத்து, அதன் ஒரு பகுதியைச் செயலற்ற வடிவமாக மாற்றிவிடுகிறது. தைராய்டு நலமாக உள்ளவருக்கும் இது நேரும். நோய் தணிந்ததும் அளவு தானே மீளும் என்பதால் அதற்கென டி3 கொடுப்பதில்லை. உண்மையில், காய்ச்சலுக்காகப் படுத்திருப்பவருக்குத் தகுந்த காரணமின்றி தைராய்டு பரிசோதனை எடுப்பதே வீண் கவலையைத் தருகிறது என்பது என் எண்ணம்.

ஆகவே டி3 மாத்திரை இப்போது தேவையில்லை. டி4இன் அளவு ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். டி3க்கு ஒரு நாள்தான். அதனால் டி3 மாத்திரை விழுங்கிய சில மணி நேரத்தில் அளவு உயர்ந்து தாழும். சிலருக்குப் படபடப்பும் வரும். டி.எஸ்.எச். சரியாக இருந்தும் சோர்வு நீங்காத சிலருக்கு மட்டும் நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் அதை ஆராய்ந்து சேர்ப்பதுண்டு. உங்களுக்கு அத்தகைய தொல்லை இருப்பதாக நீங்கள் எழுதவில்லை.

நான் கவனிக்கச் சொல்வது டி3ஐ அல்ல, மாத்திரை குடலில் முழுமையாக உறிஞ்சப்படுகிறதா என்பதைத்தான். விடிந்ததும் காபி, அடுத்துக் கேழ்வரகுக் களி அல்லது கூழ் என்று நாள் தொடங்கும் நம் பக்கத்து வீடுகளில் மாத்திரை அவற்றோடு சேர்ந்தே உள்ளே போய்விடுகிறது. வெறும் வயிற்றில் தண்ணீருடன் விழுங்கிவிட்டு, காபிக்கும் உணவுக்கும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் பொறுங்கள். அறுவைக்குப் பின் கால்சியம் மாத்திரையும் கொடுத்திருந்தால் அதற்கும் இதற்கும் இடையே நான்கு மணி நேரமாவது இருக்கட்டும். இரும்புச்சத்து மாத்திரைக்கும் அதே இடைவெளி வேண்டும்.