பால்சா மர விமானக் கிட் வாங்கி வீட்டிலேயே செய்தால் உண்மையில் பறக்குமா? முதல்முறை செய்பவர் எதைக் கவனிக்க வேண்டும்?

பறக்கும். ஆனால் பெட்டி மேலிருக்கும் படத்தைப் பார்த்து மயங்கி வாங்காதீர்கள். கோவை சூலூர் விமானப்படைத் தளத்துக்கு 2018-ல் தேஜஸ் வந்தபிறகு எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு விமானம் என்றாலே சண்டை விமானம்தான். அந்த வகைக் கிட்கள் அலமாரியில் கம்பீரமாக நிற்கும், பறக்கச் சொன்னால் அடம்பிடிக்கும். முதல் கிட்டுக்கு பைப்பர் கப் மாதிரி, இறக்கை மேலே உட்கார்ந்திருக்கும், பெட்டி வடிவ உடம்புள்ள, ரப்பரை முறுக்கிவிட்டால் விசிறி சுற்றிப் பறக்கும் விமானமாகப் பாருங்கள்.

நான் கோவை கணபதிப் பக்கம் ஃபவுண்டரிகளுக்கு மரத்தில் பேட்டர்ன், அதாவது வார்ப்பு அச்சு எடுக்கும் மாதிரி, செய்து கொடுத்தவன். அந்தத் தொழிலில் அளவு பிசகக் கூடாது, எடையைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள். இதில் எடைதான் எல்லாமே. தேக்கு ஒரு கனமீட்டர் 650 கிலோ பக்கம் வரும், பால்சா சராசரியாக 160 கிலோதான். நகம் பட்டாலே குழி விழும். பெரும்பாலும் ஈக்வடாரிலிருந்து வருகிறது. ஆனால் வேற்றாள் இல்லை, நம்ம இலவத்துக்கும் பருத்திக்கும் பங்காளி. ஒரே தாவரக் குடும்பம்.

கிட்டைப் பிரித்த கையோடு வெட்ட உட்காராதீர்கள். குச்சிகளை ஒவ்வொன்றாக எடுத்து லேசாக வளைத்துப் பாருங்கள். ஒரே தடிமனில் ஒன்று விறைப்பாகவும் இன்னொன்று தொளதொளவென்றும் இருக்கும். விறைப்பானது இறக்கையின் நெடுக்குச் சட்டத்துக்கும் உடம்பின் மூலைச் சட்டங்களுக்கும். மெத்தென்றது வாலுக்கு. வாலில் ஒரு கிராம் கூடினால் அதைச் சமன்செய்ய மூக்கில் இரண்டு மூன்று கிராம் களிமண் அப்ப வேண்டி வரும், அதனால்தான் சொல்கிறேன்.

வரைபடத்தைத் தெர்மோகோல் பலகையில் விரித்து, மேலே பாலிதீன் தாள் போட்டு, அதன்மேல் குச்சிகளை வைத்து ஒட்ட வேண்டும். குண்டூசியைக் குச்சிக்குள் குத்தினால் பிளந்துவிடும். இரண்டு பக்கமும் அணைத்தாற்போல் குத்துங்கள். உடம்பின் இரண்டாவது பக்கத்தை முதல் பக்கத்துக்கு மேலேயே, நடுவில் பாலிதீன் வைத்துச் செய்தால் இரண்டும் அச்சு அசலாக வரும். ஃபெவிகாலைப் பல்குத்தும் குச்சி முனையில் தொட்டு வைத்தால் போதும். பிதுங்கி வழிவது வலு இல்லை, வெறும் பாரம். ஃபெவிக்விக் பிடித்தால் பிடித்ததுதான், கோணல் இருந்தாலும் திருத்த முடியாது. பறக்கவிடும் இடத்தில் உடைந்ததை ஒட்ட மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். பிளேடை ஒரே அழுத்தாக அழுத்தாமல் நாலைந்து முறை மெல்ல இழுங்கள்.

குச்சிச் சட்டத்தின்மேல் மெல்லிய டிஷ்யூ தாளைப் போர்த்தி ஒட்டுவதுதான் பிள்ளைகளுக்குப் பிடித்த கட்டம். மகள் வயிற்றுப் பேரன் பார்த்துவிட்டு, "அப்புச்சி, சுருக்கம் சுருக்கமா இருக்குதுங்க" என்றான். "தண்ணி அடிச்சாச் சரியாப் போயிரும் கண்ணு" என்று ஸ்பிரே பாட்டிலைக் கையில் கொடுத்தேன். நனைந்ததும் இன்னும் தொய்ந்து, குச்சியெல்லாம் ஈரத்தில் துருத்திக்கொண்டு தெரிந்தது. முகம் சுருங்கிவிட்டது அவனுக்கு. காயக் காய இழுத்து, தமுக்குத் தோல் மாதிரி விறைத்ததும் விரலால் தட்டிக்கொண்டே இருந்தான். இந்தக் காயும் நேரத்தில் இறக்கையைப் பலகையோடு குண்டூசியால் அணைத்து வையுங்கள், இல்லாவிட்டால் முறுக்கிக்கொள்ளும். முறுக்கிய இறக்கையோடு நேராகப் பறக்காது.

அதன்மேல் பூச, பெயிண்ட் கடையில் கிடைக்கும் என்.சி. லாக்கர் என்ற வார்னிஷ் மாதிரிப் பூச்சில் பாதிக்குப் பாதி தின்னர் கலந்து சில சொட்டு விளக்கெண்ணெய் விடுங்கள். எண்ணெய் சேர்ந்தால் பூச்சு நெகிழ்வாக இருக்கும், ரொம்ப இறுக்கி இழுக்காது. ஐப்பசி அடைமழையில் பூசாதீர்கள், வெள்ளை பூத்துவிடும்.

இனிக் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வரும் காற்றில் இந்தச் சமாச்சாரம் நிற்காது. பல்லடம், உடுமலைக் காற்றாலைகள் அந்தக் காற்றை நம்பித்தான் இருக்கின்றன. (பெரிய காற்றாலை இறக்கைகள் பலவற்றுக்குள்ளும் கண்ணாடி நாருக்கு நடுவில் பால்சாதான் இருக்கிறது!) ஆடியில் வீட்டுக்குள் உட்கார்ந்து செய்யுங்கள், தை, மாசியில் விடியக்காலம் பறக்கவிடுங்கள்.

இடத்துக்குக் காங்கயம் பக்கத்துக் கொறங்காடு, அதாவது மாடு மேய்க்கும் புல்காடு, அருமை, கொழுக்கட்டைப் புல்லில் விழுந்தால் அடிபடாது. பொள்ளாச்சித் தென்னந்தோப்புப் பக்கம் போகவே வேண்டாம். வரைபடத்தில் காட்டிய இடத்தில் இரண்டு விரலால் தாங்கினால் சமமாக நிற்க வேண்டும். பொதுவாக அது இறக்கையின் முன்விளிம்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு. முதலில் ரப்பரை முறுக்காமல், மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தி மெல்லத் தள்ளிவிடுங்கள். ஏறி, நின்று, குப்பென்று விழுந்தால் மூக்கில் களிமண் சேருங்கள். நேராகக் குத்தினால் எடுங்கள். வழுக்கிக்கொண்டு போய் இறங்கிய பிறகுதான் ரப்பர். கிளிசரின் தடவி, ஒருவர் விமானத்தைப் பிடிக்க, மற்றவர் ரப்பரை மூன்று மடங்கு இழுத்து முறுக்க வேண்டும். கிரீஸ், மண்ணெண்ணெய் பட்டால் ரப்பர் கெட்டுவிடும்.

கிளுவை வேலியில் மாட்டிக்கொண்டால் விமானத்தைப் பிடித்து இழுக்காதீர்கள். முள்ளை ஒடித்துவிட்டு எடுங்கள். டிஷ்யூ கிழிசலுக்கு அதே தாளில் ஒட்டுப் போட்டுக்கொள்ளலாம், அதனால் மிஞ்சிய தாளைக் குப்பையில் போட வேண்டாம்.